பாஸ்வேர்டு சரி, டெஸ்க்டாப் மட்டும் வரவில்லை: லினக்ஸ் அமர்வுக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

டெஸ்க்டாப் வரவில்லை என்றதும் பலர் முதலில் தேடுவது நிறுவல் பென்டிரைவை. தயவுசெய்து அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நான் பார்த்த அமர்வுக் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு கோப்பாலோ, நிரம்பிப்போன வட்டாலோ, யாரோ சேர்த்த ஒரு வரியாலோ வந்தவை. திரும்ப நிறுவினால் கோளாறு போய்விடலாம். ஆனால் ஏன் வந்தது என்பது தெரியாமலே போகும். அடுத்த மாதம் அதுவே திரும்பி வரும்.

அமர்வு என்பது நீங்கள் லாகின் செய்ததிலிருந்து வெளியேறும் வரை உங்களுக்காக ஓடும் சூழல். அது ஒரே நிரல் இல்லை. பல நிரல்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து சேர்ப்பது அது. கணினி எழும்போது மற்ற நிரல்களை எழுப்பும் சிஸ்டம்டி, முதலில் ஜிடிஎம், எஸ்டிடிஎம், லைட்டிடிஎம் போன்ற ஒரு டிஸ்ப்ளே மேனேஜரை எழுப்புகிறது. லாகின் திரையைக் காட்டுவது அதுதான். நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைப் பாம் என்ற அமைப்பு சரிபார்க்கிறது. பிறகு அமர்வுகளைக் கவனித்துக்கொள்ளும் லாகின்டி உங்கள் பெயரில் ஒரு அமர்வைப் பதிந்து, /ரன்/யூசர்/ என்பதற்குள் உங்கள் பயனர் எண்ணில் ஒரு அடைவைத் திறக்கிறது. பெரும்பாலும் அந்த எண் 1000. அதற்குப் பிறகுதான் திரையில் காட்சியைக் கொண்டுவரும் எக்ஸ் அல்லது வேலேண்ட், அதன்மேல் சன்னல் மேலாளர், பேனல், மற்ற எல்லாம். எந்தக் கையில் வந்து நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. திரை இதைச் சொல்லாது. நிரல்கள் எழுதிவைக்கும் பதிவான லாக் சொல்லும்.

கீழே வரும் கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயால் சொல்வது போலத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றின் வழக்கமான வடிவில் தட்டுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கருப்புத் திரையில் எழுத்து லாகின் வந்தால் நல்ல செய்தி: கணினி உயிரோடு இருக்கிறது, படப்பக்கம்தான் தகராறு. வராவிட்டால் எஃப்4, எஃப்5 என்று முயன்று பாருங்கள். ஜிடிஎம் பெரும்பாலும் எஃப்1-இலும் உங்கள் டெஸ்க்டாப் எஃப்2-இலும் இருக்கும். திரும்பிப் போக அவற்றை அழுத்தினால் போதும்.

அந்த எழுத்துத் திரையில் நுழைந்து புதிதாக ஒரு பயனரை உருவாக்குங்கள். டெபியன், உபுண்டுவில் 'சூடோ ஆட்யூசர் சோதனை' மாதிரி ஒரு வரி. (சூடோ என்பது கட்டளையை நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும்.) பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். பிறகு லாகின் திரைக்குப் போய் அந்தப் பயனராக நுழையுங்கள். அவருக்கு டெஸ்க்டாப் வந்துவிட்டால் சிக்கல் உங்கள் ஹோம் அடைவுக்குள், அதாவது உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் இடத்தில் இருக்கிறது. அவருக்கும் வராவிட்டால் அது கணினிக்கே பொதுவானது: டிரைவர், டிஸ்ப்ளே மேனேஜர், வட்டு, இப்படி. இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். இதைச் செய்யாமல் நாள் முழுக்க டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், கஷ்டமாக இருக்கும்.

பாஸ்வேர்டு போட்டதும் திரை ஒரு கணம் இருண்டு, மறுபடியும் லாகின் திரையே வருகிறது

பாஸ்வேர்டு தவறு என்றால் 'தவறு' என்று அங்கேயே சொல்லிவிடும். எதுவும் சொல்லாமல் திரை ஒருமுறை இருண்டு திரும்புகிறது என்றால் பாஸ்வேர்டு ஏற்கப்பட்டுவிட்டது. அமர்வு தொடங்கி, தொடங்கிய வேகத்தில் செத்துவிட்டது. பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை.

முதலில் வட்டு. எழுத்துத் திரையில் 'டிஎஃப் -ஹெச்' கொடுங்கள். ரூட் பகுதியோ (வெறும் '/' என்று காட்டுவது) ஹோம் பகுதியோ 100 சதவீதம் என்று காட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. அமர்வு தொடங்கும்போது சின்னச் சின்னக் கோப்புகள் எழுதப்பட வேண்டும். ஒரு பைட்டுக்குக்கூட இடமில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். இதில் ஒரு குழப்பம் உண்டு. ஈஎக்ஸ்டி4 வட்டை உருவாக்கும்போது, வேறு சொல்லாவிட்டால், 5 சதவீத இடம் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கென்று ஒதுக்கப்படுகிறது. அதனால் ரூட்டின் வேலைகள் நன்றாக ஓடும், லாகின் திரையும் அழகாக வரும், உங்களுக்கு மட்டும் கதவு திறக்காது. இடம் இருக்கிறது என்று காட்டியும் சந்தேகம் போகவில்லையா, 'டிஎஃப் -ஐ' கொடுத்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்து ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்துபோனாலும் இதே அறிகுறிதான்.

இடம் பிடித்திருப்பது எது என்று 'டியூ -எஸ்ஹெச்' காட்டும். பழைய ஜர்னல் லாக்கைக் குறைக்க 'ஜர்னல்சிடிஎல் --வேக்குவம்-சைஸ்=200எம்' போதும். எக்ஸ் அமர்வுகளில் ஹோமில் புள்ளியில் தொடங்கும் '.எக்ஸ்செஷன்-எரர்ஸ்' என்ற கோப்பு இருக்கும். ஏதாவது ஒரு நிரல் ஒரே எச்சரிக்கையை விடாமல் எழுதி இதை ஜிகாபைட் கணக்கில் ஊத வைத்துவிடும். அழிப்பதற்கு முன் கடைசி ஐம்பது வரியைப் படித்துவிடுங்கள். எந்த நிரல் என்று அதிலேயே பெயர் இருக்கும்.

வட்டு சரியாக இருந்தால் அடுத்து உரிமை. 'எல்எஸ் -எல்ஏ' கொடுத்து வரிகளை நிதானமாகப் பாருங்கள். இரண்டு புள்ளிகள் மட்டும் உள்ள வரியைத் தவிர மற்ற எல்லா வரியிலும் உங்கள் பெயர் இரண்டு முறை வரும்: உரிமையாளர், குழு. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் வேறு மாதிரி நிற்கும். '.எக்ஸ்அத்தாரிட்டி' அல்லது '.ஐசிஇஅத்தாரிட்டி' என்ற பெயர், அதற்கு முன்னால் 'ரூட் ரூட்'. அனுமதி வரிசை ஆர், டபிள்யூ, அதற்குப் பிறகு வெறும் கோடுகள். அதாவது ரூட் மட்டும் படிக்கலாம், எழுதலாம். உங்கள் வீட்டுச் சாவி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் பூட்டிய பெட்டியில். அமர்வால் அந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை, எக்ஸ் உள்ளே விடவில்லை, அமர்வு முடிந்தது.

இது எப்படி நேர்கிறது? என்றோ ஒருநாள் ஒரு வரைகலை நிரலைச் சூடோவோடு திறந்திருப்பீர்கள், அல்லது 'சூடோ ஸ்டார்ட்எக்ஸ்' கொடுத்திருப்பீர்கள். உபுண்டுவில் 19.10 பதிப்புக்கு முன்புவரை சூடோ உங்கள் ஹோம் முகவரியையே ரூட்டுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. ரூட்டாக ஓடிய நிரல் உங்கள் வீட்டில் தன் பெயரில் கோப்பு எழுதிவிட்டுப் போய்விடும். சரிசெய்வது எளிது: 'சூடோ சிஹெச்ஓன் உங்கள்பெயர்:உங்கள்பெயர் .எக்ஸ்அத்தாரிட்டி'. ஐசிஇ கோப்புக்கும் அப்படியே. அழித்துவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த லாகினில் புதிதாக உருவாகும். வட்டு நிரம்பி ஒருமுறை விழுந்த கணினி என்றால் அதே பெயரோடு '-சி', '-எல்' என்ற வால் கொண்ட பூட்டுக் கோப்புகள் கிடக்கலாம். அவற்றையும் எடுத்துவிடுங்கள். ஜிடிஎம் தன் சாவியை ரன் அடைவுக்குள் வைத்துக்கொள்வதால் அதில் இந்தக் கோளாறு குறைவு. லைட்டிடிஎம்மில் அதிகம் பார்ப்பீர்கள். '.கான்ஃபிக்', '.கேஷ்', '.லோக்கல்' அடைவுகளுக்குள்ளும் ரூட் பெயரில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

/டெம்ப் அடைவின் உரிமையும் இதில் சேரும். 'எல்எஸ் -எல்டி /டெம்ப்' கொடுத்தால் அனுமதி வரிசையின் கடைசியில் 'டி' என்ற எழுத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் 'சூடோ சிஹெச்மாட் 1777 /டெம்ப்'. மற்ற நிரல்கள் தன்னோடு பேசுவதற்கான சாக்கெட்டை எக்ஸ் அங்கேதான் வைக்கிறது.

மூன்றாவது, நீங்களே எழுதிய வரி. டெபியன் வழி வந்தவற்றில் டிஸ்ப்ளே மேனேஜர் அமர்வைத் தொடங்கும் முன் '.புரொஃபைல்' கோப்பைப் படிக்கிறது. அதில் 'எக்ஸிட்' என்று ஒரு சொல் இருந்தால் அமர்வே அங்கு முடிந்துவிடும். புது ஷெல் (நீங்கள் தட்டும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) பிடித்துப்போய் 'எக்ஸெக் இசட்எஸ்ஹெச்' என்று சேர்த்திருந்தால், அமர்வைத் தொடங்க வேண்டிய ஸ்கிரிப்டின் இடத்தில் அந்த ஷெல் உட்கார்ந்துகொள்ளும். டெஸ்க்டாப் எங்கிருந்து வரும்? ஷெல்லை மாற்ற 'சிஹெச்எஸ்ஹெச்' இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். புதிய ஷெல்லின் முழு முகவரி /ஈடிசி/ஷெல்ஸ் கோப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் இல்லாத ஷெல் உள்ளவரைப் பாம் உள்ளே விடாமல் தடுக்கும் அமைப்புகள் உண்டு.

இதே வகையில் இன்னொன்று பாத் மாறி, அதாவது நிரல்களை எந்தெந்த அடைவுகளில் தேடுவது என்ற பட்டியல். அனகோண்டா போன்ற பைத்தான் தொகுப்புகள் தங்கள் அடைவைப் பாத்தின் முதலில் செருகிக்கொள்ளும்; அதற்குள் அவற்றுக்கென்று ஒரு டிபஸ்ஸும் (நிரல்கள் ஒன்றோடொன்று பேச உதவுவது) இருக்கும். அமர்வு கணினியின் டிபஸ்ஸைத் தேடப்போய் இதை எடுத்துக்கொண்டு விழும். கேடிஇ டெஸ்க்டாப் பயனர்கள் பலர் இதில் மாட்டியிருக்கிறார்கள். சந்தேகம் என்றால் '.புரொஃபைல்' கோப்பை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு ஒருமுறை நுழைந்து பாருங்கள்.

இத்தனைக்கும் பிடிபடவில்லையா, லாக்குக்குப் போவோம். 'ஜர்னல்சிடிஎல் -பி -பி 3' என்பது இந்த முறை கணினி எழுந்ததிலிருந்து வந்த பிழைகளை மட்டும் காட்டும். (முதல் 'பி' பூட்டுக்கு, இரண்டாவது 'பி' பிரையாரிட்டிக்கு, ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துகள்.) எக்ஸின் லாக் '.லோக்கல்/ஷேர்/எக்ஸ்ஆர்க்' அடைவிலோ /வார்/லாக் அடைவிலோ இருக்கும். அதில் அடைப்புக்குறிக்குள் இரண்டு 'ஈ' போட்ட வரிகளைத் தேடுங்கள். ஒரு நுணுக்கம்: லாகின் திரைக்கே அமர்வு திரும்பிவிட்டதால் இப்போதிருக்கும் லாக் லாகின் திரையின் லாக்காக இருக்கலாம். விழுந்த அமர்வின் கதை '.ஓல்டு' என்று முடியும் கோப்பில் இருக்கும்.

லாகின் திரையே வரவில்லை, எழுத்து மட்டும் வருகிறது

'சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட்' என்ன சொல்கிறது? 'மல்டி-யூசர்' என்றால் கணினி எழுத்துத் திரையோடு நிற்கும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது. 'சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் கிராஃபிக்கல்.டார்கெட்' கொடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். 'கிராஃபிக்கல்' என்றே இருந்தால் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டிஸ்ப்ளே-மேனேஜர்'. இரண்டு டெஸ்க்டாப்புகளை நிறுவிய கணினியில் எந்த மேனேஜர் எழ வேண்டும் என்பது குழம்பிப்போவது சகஜம். டெபியன், உபுண்டுவில் 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர்' கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றில் ஒன்றை டிஸேபிள் செய்து இன்னொன்றை எனேபிள் செய்யுங்கள்.

கர்னலை (இயங்குதளத்தின் மையப்பகுதி) புதுப்பித்த மறுநாள் இப்படி ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது கிராஃபிக்ஸ் டிரைவரை. என்விடியாவின் டிரைவர் ஒவ்வொரு கர்னலுக்கும் தனியாகக் கட்டப்பட வேண்டும். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் இப்போதைய கர்னலுக்குக் கட்டப்பட்டதா என்று தெரியும். செக்யூர் பூட் ஓடும் கணினியில் கையொப்பமில்லாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. அவசரத்துக்கு, கணினி எழும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து எழுப்புங்கள். அதுவும் முடியாவிட்டால் கிரப்பில் 'ஈ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து, கன்ட்ரோல் எக்ஸ் அழுத்துங்கள். திரை மங்கலாக, பெரிய எழுத்தாக வரும். அது அந்த ஒருமுறைக்கு மட்டும், உள்ளே போய்ப் பழுதைச் சரிசெய்ய. அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

லினக்ஸ் இல்லை, ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் என்றால், 'ஆர்சி.கான்ஃப்' கோப்பில் டிபஸ்ஸும் டிஸ்ப்ளே மேனேஜரும் இரண்டுமே 'யெஸ்' ஆக இருக்கின்றனவா, பயனர் 'வீடியோ' குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள். ஓபன்பிஎஸ்டியில் கணினியோடு வரும் லாகின் நிரலின் பெயர் எக்ஸீனோடிஎம்; 'ஆர்சிசிடிஎல் எனேபிள் எக்ஸீனோடிஎம்' போதும்.

ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்தால் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது

ஸ்டார்ட்எக்ஸ் என்பது எக்ஸ்இனிட் என்ற நிரலைக் கூப்பிடும் சின்ன ஸ்கிரிப்ட். எக்ஸ்இனிட் உங்கள் '.எக்ஸ்இனிட்ஆர்சி' கோப்பை ஓட்டுகிறது, அந்தக் கோப்பு முடிந்ததும் எக்ஸையும் மூடிவிடுகிறது. விஷயம் முழுக்க இந்த ஒரு விதியில் இருக்கிறது. கோப்பின் கடைசி வரி காத்திருக்க வேண்டும். மற்ற வரிகள் காத்திருக்கக் கூடாது. பின்னணியில் ஓட வேண்டியவற்றின் முடிவில் '&' போடுங்கள். கடைசி வரியில் அதைப் போடாமல், 'எக்ஸெக்' என்று தொடங்கி டெஸ்க்டாப்பின் அமர்வு நிரலை எழுதுங்கள். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் என்றால் 'எக்ஸெக் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4'. கடைசி வரியிலும் '&' போட்டுவிட்டால் எல்லாம் பின்னணிக்குப் போய், கோப்பு முடிந்து, எக்ஸ் மூடிவிடும். '&' போடாத வரி நடுவில் இருந்தால் அதற்குக் கீழே இருப்பது எதுவும் தொடங்காது.

'0 எண் டிஸ்ப்ளேவில் ஏற்கெனவே சர்வர் ஓடுகிறது' என்ற பொருளில் செய்தி வந்தால் /டெம்ப் அடைவில் '.எக்ஸ்0-லாக்' என்ற பூட்டுக் கோப்பைத் (இங்கே லாக் என்பது பதிவு இல்லை, பூட்டு) திறந்து பாருங்கள். உள்ளே ஒரு எண் இருக்கும். அந்த எண்ணில் நிரல் எதுவும் ஓடவில்லை என்று 'பிஎஸ்' உறுதி செய்தால் மட்டும் கோப்பை அழியுங்கள்.

உள்ளே போய்விட்டேன், கருப்புத் திரையும் மவுஸ் அம்பும்தான் இருக்கின்றன

அம்பு நகர்கிறதா? அப்படியென்றால் எக்ஸோ வேலேண்டோ ஓடுகிறது. மேலே வர வேண்டிய சன்னல் மேலாளரோ பேனலோ வரவில்லை. லாகின் திரையில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி வேறு அமர்வைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அங்கே பட்டியலில் வருபவை /யூஎஸ்ஆர்/ஷேர் அடைவுக்குள் 'எக்ஸ்செஷன்ஸ்', 'வேலேண்ட்-செஷன்ஸ்' என்ற இரண்டு அடைவுகளில் இருக்கும் கோப்புகள். நீக்கிவிட்ட டெஸ்க்டாப்பின் பெயரே உங்கள் பழைய தேர்வாக நினைவில் நின்றிருக்கலாம்.

தொலைவிலிருந்து எக்ஸ்ஆர்டிபி வழியாக நுழைந்து கருப்புத் திரை வந்தால், அதே பயனராக அந்தக் கணினியில் நேரடியாகவும் லாகின் ஆகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டு அமர்வுகளும் ஒரே டிபஸ்ஸைப் பிடித்துக்கொண்டு மோதும். அங்கே லாக்அவுட் செய்துவிட்டு வாருங்கள்.

சன்னல்கள் வருகின்றன, தலைப்புப் பட்டை இல்லை, நகர்த்த முடியவில்லை

சன்னல் மேலாளர் செத்துவிட்டது, அவ்வளவுதான். எக்ஸில் அது தனி நிரல் என்பதால் உங்கள் வேலை எதுவும் போகாது. டெர்மினலில் எக்ஸ்எஃப்சிஇக்கு 'எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 --ரீப்ளேஸ் &', கேடிஇக்கு 'கேவின்_எக்ஸ்11 --ரீப்ளேஸ் &'. ஒவ்வொரு லாகினிலும் இப்படியே ஆனால், எக்ஸ்எஃப்சிஇ சேமித்துவைத்த பழுதான அமர்வையே திரும்பத் திரும்ப எழுப்புகிறது. வெளியேறி, எழுத்துத் திரையிலிருந்து '.கேஷ்/செஷன்ஸ்' அடைவைக் காலி செய்துவிட்டு நுழையுங்கள்.

வேலேண்டில் இந்த வசதி இல்லை. அங்கே சன்னல் மேலாளரும் காட்சி சர்வரும் ஒரே நிரல். க்னோம் டெஸ்க்டாப்பில் அது விழுந்தால் திறந்திருந்த சன்னல்களும் சேர்ந்து விழும். அதனால்தான் எக்ஸில் ஆல்ட் எஃப்2, பிறகு 'ஆர்' என்று க்னோம் ஷெல்லைத் திரும்ப எழுப்பும் பழைய வழி வேலேண்டில் வேலை செய்வதில்லை. எந்த அமர்வில் இருக்கிறீர்கள் என்று 'எக்ஸ்டிஜி_செஷன்_டைப்' மாறியை எக்கோ செய்தால் (அதன் மதிப்பைக் காட்டச் சொன்னால்) தெரியும். பழைய '.எக்ஸ்புரொஃபைல்' வரிகளும் எக்ஸ்மாட்மேப் விசைப்பலகை அமைப்புகளும் திடீரென்று வேலை செய்யவில்லை என்றாலும் முதலில் இதையே பாருங்கள். 1987-இல் வந்த எக்ஸ்11-க்காக எழுதிய பழக்கங்கள் அவை. சூழல் மாறிகளை இனி '.கான்ஃபிக்/என்விரான்மென்ட்.டி' அடைவில் வையுங்கள்.

திரை உறைந்துவிட்டது, அல்லது பூட்டுத் திரை திறக்க மறுக்கிறது

பவர் பொத்தானை அழுத்துவதற்கு முன் எஃப்3 திரைக்குப் போங்கள். 'லாகின்சிடிஎல் லிஸ்ட்-செஷன்ஸ்' அமர்வு எண்களைக் காட்டும். பூட்டுத் திரை மட்டும் தகராறு என்றால் 'லாகின்சிடிஎல் அன்லாக்-செஷன்' என்று எண்ணைக் கொடுங்கள். திரும்பிப் போனால் சேமிக்காத வேலையோடு டெஸ்க்டாப் அப்படியே இருக்கும். ஒரு நிரல்தான் நினைவகத்தை விழுங்குகிறது என்று 'டாப்' காட்டினால் அதை மட்டும் முடியுங்கள். வேறு வழியே இல்லாதபோது 'டெர்மினேட்-செஷன்'. அந்த அமர்வில் சேமிக்காதது எல்லாம் போய்விடும் என்பதை மனதில் வைத்து அதைத் தட்டுங்கள்.

எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்தால் 'கேனாட் ஓபன் டிஸ்ப்ளே' என்கிறது

எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலுள்ள கணினியில் நுழைந்து நீங்கள் திறக்கும் நிரலுக்கு எந்தத் திரையில் வரைய வேண்டும் என்று தெரியவில்லை. 'எஸ்எஸ்ஹெச் -எக்ஸ்' என்று நுழைந்து, 'டிஸ்ப்ளே' மாறியை எக்கோ செய்யுங்கள். 'லோக்கல்ஹோஸ்ட்:10.0' மாதிரி வந்தால் சரி. காலியாக இருந்தால் அந்தத் தொலைவுக் கணினியில் 'எக்ஸ்11ஃபார்வர்டிங்' திறந்திருக்கிறதா, 'எக்ஸ்ஆத்' நிரல் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் நிரல்) இருந்தால் நேற்றைய டிஸ்ப்ளே எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். 'எக்ஸ்ஹோஸ்ட் +' கொடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: எக்ஸ் சர்வரை அடைய முடிந்த எவரும் உங்கள் திரையைப் பார்க்கவும், தட்டும் எழுத்துகளைப் படிக்கவும் அது வழிவிடுகிறது.

லாக்அவுட் ஆனதும் பின்னணியில் ஓடிய வேலை செத்துவிடுகிறது

2016-இல் வந்த சிஸ்டம்டி 230 பதிப்பிலிருந்து, அமர்வு முடிந்ததும் அதில் எஞ்சியிருக்கும் நிரல்களை லாகின்டி கொல்வதே அதன் இயல்பு. டெபியன் போன்றவை இதை அணைத்துவைத்திருக்கின்றன, மற்றவற்றில் 'லாகின்டி.கான்ஃப்' கோப்பில் 'கில்யூசர்புராசஸஸ்' என்ன என்று பாருங்கள். அதை முழுக்க அணைப்பதைவிட, 'லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்' கொடுத்துவிட்டு, நீண்ட வேலையை 'சிஸ்டம்டி-ரன் --யூசர் --ஸ்கோப்' வழியாக டிமக்ஸில் தொடங்குவது நல்லது. அமர்வு போனாலும் அந்த வேலை நிற்காது.

நுழைந்த பிறகு 'கீரிங்' பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது

கணினியின் பாஸ்வேர்டை ரூட்டாகவோ வேறு வழியிலோ மாற்றியிருப்பீர்கள். சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் கீரிங் பழையதிலேயே நிற்கிறது. பழைய பாஸ்வேர்டைக் கொடுத்துத் திறந்து, சீஹார்ஸ் நிரலில் புதியதற்கு மாற்றுங்கள். தானியங்கி லாகின் வைத்திருந்தாலும் கேட்கும், ஏனென்றால் திறப்பதற்குப் பாஸ்வேர்டு யாருமே தட்டவில்லை. பழையது மறந்தே போய்விட்டதென்றால் '.லோக்கல்/ஷேர்/கீரிங்ஸ்' அடைவில் உள்ள 'லாகின்' கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்தினால் புதிதாகத் தொடங்கலாம்; சேமித்த பாஸ்வேர்டுகள் மட்டும் கிடைக்காது.

இதிலும் தீராமல் யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால், 'டெஸ்க்டாப் வரவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். புதுப் பயனருக்கு வந்ததா இல்லையா, 'டிஎஃப் -ஹெச்' என்ன காட்டியது, கடைசியாக எதை நிறுவினீர்கள் அல்லது மாற்றினீர்கள், விழுந்த நேரத்தின் ஜர்னல் வரிகள். இந்த நான்கையும் கையில் கொண்டுபோங்கள். பதில் சொல்பவர் முதலில் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.